ஊட்டி அசேலியாவும் திருப்பூர் உப்புத் தண்ணீரும்

கோடை விடுமுறைக்கு ஊட்டிக்கும் குன்னூருக்கும் போய்த் திரும்பும் திருப்பூர்க் குடும்பங்களின் கார் டிக்கியைத் திறந்தால் வர்க்கி, யூகலிப்டஸ் தைலம், கேரட் கட்டு இவற்றோடு ஒரு பூந்தொட்டியும் அநேகமாக இருக்கும். அந்தத் தொட்டியில் இருப்பது அசேலியா என்றால் மிச்சக் கதையை யாரும் சொல்லிவிடலாம். வந்த வாரம் பூத்துக் குலுங்கும். இரண்டாம் மாதம் இளந்தளிர் வெளுத்து மஞ்சளாகும். பிறகு இலையோரம் கருகும். ஆடிக் காற்று ஓய்வதற்குள் தொட்டி காலியாகி, அதில் கறிவேப்பிலைக் கன்று ஏறிவிடும். "நம்ம ஊரு வெயிலு அதுக்கு ஒத்துக்கலீங்க" என்று வீட்டில் தீர்ப்பும் சொல்லியாகிவிடும்.

வெயிலுக்கு இதில் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் பெரும்பாலான அசேலியாக்களை முதலில் சாய்ப்பது நாம் அன்போடு ஊற்றும் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் காரமும் உப்பும் சேர்ந்து வேரை மெல்ல மெல்ல முடக்குகின்றன. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமிலம், காரம், உப்பு, பி.எச். தாள் என்பவற்றை அன்றாடப் பேச்சாக வைத்திருக்கும் ஊர் தமிழ்நாட்டில் உண்டென்றால் அது திருப்பூர். சாயப்பட்டறையில் ஒரு டையிங் மாஸ்டருக்குத் தெரிந்த வேதியியல் போதும், அசேலியா ஏன் சாகிறது என்று புரிந்துகொள்ள. அந்த அறிவு பட்டறையின் வாசலைத் தாண்டி மொட்டைமாடித் தோட்டத்துக்கு வராததுதான் குறை.

அசேலியா எரிக்கேசியே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் குளிர்ந்த, சத்தற்ற, அமிலம் மிகுந்த மேட்டுநிலங்களில் ஊதாக் கம்பளம் விரித்தாற்போலப் பூக்கும் ஹீதர் புதர்கள் இந்தக் குடும்பம். எரிகா என்ற பேரினத்தில் மட்டும் 800க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனையில், மணலும் பாறையுமான நிலத்தில் வளர்கின்றன. புளூபெரி, கிரான்பெரி பழச்செடிகளும் இதே குடும்பம்தான். அசேலியா என்று நாம் அழைப்பவை ரோடோடென்ட்ரான் பேரினத்துக்குள் அடங்கும் சிறு புதர்கள். கடைகளில் விற்கும் தொட்டி அசேலியாக்கள் பெரும்பாலும் சீனத்தைத் தாயகமாகக் கொண்ட ஓர் இனத்திலிருந்து ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கலந்து கலந்து உருவாக்கிய ரகங்கள். பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சுற்றி இது ஒரு பெரிய தொழில். நமக்குப் பனியன் எப்படியோ அவர்களுக்கு அசேலியா அப்படி.

இந்தக் குடும்பம் நமக்கு அந்நியமும் இல்லை. நீலகிரியில் தொட்டபெட்டா, அவலாஞ்சி, முக்கூர்த்தி பக்கம் டிசம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்கள் புல்வெளியின் நடுவே முறுகிய கிளைகளும் தடித்த பட்டையுமாக நிற்கும் மரங்களில் ரத்தச் சிவப்பில் பூங்கொத்துகளைப் பார்த்திருப்பார்கள். காட்டுப்பூவரசு என்று அழைக்கப்படும் அது நீலகிரி ரோடோடென்ட்ரான். பழனி மலையிலும் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளிலும் இது உண்டு. இதன் நெருங்கிய உறவினர் இமயமலைச் சரிவில் இருக்கிறது. இன்னொன்று இலங்கையின் மலைநாட்டில். நடுவே தக்காணம் முழுவதும் ஒரு மரம்கூடக் கிடையாது. பூமி குளிர்ந்திருந்த பனியூழிக் காலத்தில் இவற்றின் முன்னோர்கள் பரவலாக இருந்து, பின்பு வெப்பம் ஏற ஏற மலையுச்சிகளுக்கு ஒதுங்கின என்பது தாவரவியலார் தரும் விளக்கங்களில் முக்கியமானது. நீலகிரியின் கரிச்சேற்று நிலங்களைத் தோண்டி, அவற்றில் புதைந்த தாவரக் கரிமத்தை அளந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் அங்கே புல்வெளியும் காடும் எப்படி மாறி மாறி ஆண்டன என்று ஆர். சுகுமாரும் அவருடைய கூட்டாளிகளும் 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்தக் கரிச்சேறு எரிக்கேசியே குடும்பத்துக்கு மிகவும் பிடித்தமான நிலம்: அமிலம் நிறைந்தது, இலைமக்கு நிறைந்தது, சுண்ணாம்பு அறவே அற்றது.

ஏன் அப்படி ஒரு நிலம் மலையில் மட்டும்? மழைதான் காரணம். ஆண்டுக்கணக்கில் கொட்டும் மழை மண்ணிலுள்ள கால்சியம், மக்னீசியம், சோடியம் எல்லாவற்றையும் கழுவி ஆற்றுக்கு அனுப்பிவிடுகிறது. மிஞ்சுவது அமில மண். தேயிலை நீலகிரியில் செழிப்பதும் இதனால்தான். அதற்கும் பி.எச். ஐந்தை ஒட்டிய மண் வேண்டும். திருப்பூருக்கோ ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். பெய்வதைவிட ஆவியாவது அதிகம். கழுவப்பட வேண்டியவை கழுவப்படாமல் மண்ணிலேயே தங்கும். பல்லடம், அவிநாசி பக்கம் கிணறு வெட்டியவர்களுக்கு வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் வந்த அனுபவம் இருக்கும். அது வேறொன்றுமில்லை, மண்ணில் படிந்து இறுகிய சுண்ணாம்பு. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், திருப்பூர் சுமார் 300 மீட்டர். உயர வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. மண்ணின் வித்தியாசம் தெரிவதில்லை.

இனி வேருக்கு வருவோம். இந்தக் குடும்பத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. கத்தரி, தக்காளி, செம்பருத்தி வேர்களைக் கழுவிப் பார்த்தால் நுனிப் பக்கத்தில் மெல்லிய வேர்த்தூவிகள் தெரியும். நீரையும் சத்தையும் உறிஞ்சுவது அவை. அசேலியா குடும்பத்துக்கு வேர்த்தூவியே கிடையாது. அதற்குப் பதிலாகத் தலைமயிரைவிட மெல்லிய நுண்வேர்கள், மண்ணின் மேல்மட்டத்தில் பஞ்சுபோலப் பின்னிக் கிடக்கும். அந்த நுண்வேரின் வெளிப்புறச் செல்களுக்குள் ஒரு பூஞ்சை புகுந்து சுருண்டு சுருண்டு குடியிருக்கும். மட்கிக் கிடக்கும் இலையிலும் பூச்சி ஓட்டிலும் பூட்டிக் கிடக்கும் நைட்ரஜனை நொதிகளால் உடைத்து எடுத்துச் செடிக்குக் கொடுப்பது அந்தப் பூஞ்சை. செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். மற்றச் செடிகள் பட்டினி கிடக்கும் நிலத்தில் இவை பூப்பது இந்தக் கூட்டணியால்தான். கூட்டணி நன்றாக நடப்பது அமில மண்ணில். நாம் ஆசையாக அள்ளிப் போடும் தொழுவுரமும் சாம்பலும் இந்தப் பூஞ்சைக்கு விருந்து அல்ல.

இந்த உண்மை தோட்டக்காரர்களுக்குத் தெரிந்து நூறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம்தான் ஆகிறது. அமெரிக்க வேளாண் துறையில் பிரெடெரிக் கோவில் என்ற தாவரவியலாளர் இருந்தார். காட்டில் தானாகக் காய்க்கும் புளூபெரியைத் தோட்டப் பயிராக்க முடியுமா என்று முயன்றார். அதுவரை முயன்றவர்கள் நல்ல எரு போட்ட, சுண்ணாம்பு கலந்த வளமான தோட்டமண்ணில் நட்டுத் தோற்றிருந்தார்கள். வளமான மண்ணே அதற்கு எதிரி, அதற்கு வேண்டியது அமில மண் என்று கோவில் சோதனைகளால் காட்டி 1910இல் வெளியிட்டார். அதைப் படித்துவிட்டு நியூ ஜெர்சியில் கிரான்பெரி தோட்டம் வைத்திருந்த எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணி அவரோடு சேர்ந்தார். 1916இல் தோட்டப் புளூபெரி முதல்முறையாகச் சந்தைக்குப் போனது. இன்று சூப்பர் மார்க்கெட்டில் சின்ன டப்பாவில் அநியாய விலைக்கு விற்கும் புளூபெரியின் வரலாறு இது. நீலகிரியில் அதே பேரினத்தைச் சேர்ந்த காட்டு உறவினர்கள் உண்டு என்பது கூடுதல் தகவல்.

கோவில் நூலை வெளியிட்டதற்கு முந்தைய ஆண்டு, 1909இல், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சென் என்ற வேதியியலாளர் பி.எச். என்ற அளவுகோலை அறிமுகப்படுத்தினார். ஏழு நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஓர் எண் மாறினால் பத்து மடங்கு மாற்றம். இதைச் சாயப்பட்டறைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற்ற முதலில் உப்பு, பிறகு சோடா ஆஷ் போட்டு, குளியலின் பி.எச். பத்தரை, பதினொன்று என்று ஏற்றினால்தான் சாயம் நூலோடு பிணையும். முடிந்ததும் அசிட்டிக் அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவருவார்கள். அரை எண் பிசகினால் நிறம் மாறி, லாட் முழுவதும் திரும்பி வரும் என்ற பயம் மாஸ்டருக்கு உண்டு. அசேலியாவுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. அதற்கு வேண்டியது நாலரை முதல் ஐந்தரை வரை. ஆறு வரை பொறுத்துக்கொள்ளும். ஏழைத் தாண்டினால் பொறுக்காது.

ஏழைத் தாண்டினால் என்ன நடக்கிறது? முதலில் இரும்பு போய்விடுகிறது. பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். நம் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது, ஆகவே மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் காரம் ஏற ஏற அது கரையாத துருவாக இறுகிக்கொள்ளும். பி.எச். ஓர் எண் உயர்ந்தால் கரைந்த இரும்பு அயனியின் அளவு கோட்பாட்டளவில் ஆயிரம் மடங்கு குறைகிறது. குடோன் நிறையச் சரக்கு, சாவிதான் இல்லை. இளந்தளிரில் நரம்பு மட்டும் பச்சையாகவும் நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகவும் தெரிவது இந்தப் பட்டினியின் அடையாளம். இரும்பைப் பிடித்து இழுக்கும் திறமை பல செடிகளுக்கு உண்டு. சில வேரிலிருந்து அமிலம் கசியவிடும், சில இரும்பைக் கவ்வும் சேர்மங்களைச் சுரக்கும். அசேலியா அந்த வித்தைகளில் மிகவும் பின்தங்கிய மாணவன். கரைந்த இரும்பு தாராளமாகக் கிடைக்கும் நிலத்தில் பிறந்த செடிக்கு அதைத் தேடிப் பழக்கமில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். கால்சியம் அசேலியாவுக்கு நஞ்சு அன்று. எல்லாச் செடிகளையும் போல அதற்கும் கால்சியம் தேவை. சிக்கல், கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் பைகார்பனேட். தண்ணீரின் பி.எச். எவ்வளவு என்பதைவிட அதில் பைகார்பனேட் எவ்வளவு என்பதே முக்கியம். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு நிற்கிறதே, அந்தச் சரக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் போர் தண்ணீரில் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று ஆய்வுக்கூட அறிக்கை சொல்வதாக வைத்துக்கொள்வோம். தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் ஓராண்டில் அந்தத் தொட்டிக்குள் சுமார் 110 கிராம் சுண்ணாம்புக்கு நிகரான காரம் போய்ச் சேர்கிறது. வேண்டுமென்றே யாரும் அசேலியாத் தொட்டியில் ஒரு கைப்பிடி சுண்ணாம்பைக் கொட்டமாட்டோம். ஆனால் தவணை முறையில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுண்ணாம்போடு உப்பும் உண்டு. திருப்பூரின் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசும்போது நொய்யலைச் சொல்லாமல் நகர முடியாது. சாயக்குளியலுக்குக் கொட்டிய உப்பு துணியில் தங்குவதில்லை, முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே உப்பும் சாயமும் தேங்கும் குட்டையாகி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே கேட்கும் நிலைக்கு வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகே ஆர்.ஓ. முறையில் நீரை மீட்டு, மிஞ்சும் உப்புக்கரைசலைக் காய்ச்சி, சொட்டுக் கழிவும் வெளியேறாமல் தொழில் நடத்தும் ஏற்பாடு வேரூன்றியது. ஆற்றில் விடுவது நின்றாலும் நிலத்தில் இறங்கிய உப்பு ஓரிரு மழையில் போய்விடாது. கருங்கல் பூமியின் இயற்கை உப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று இரண்டு குழாய் வைத்துக்கொண்டு வாழும் நம் வீடுகளுக்கு இந்த வேறுபாடு நாக்கிலேயே தெரியும். சமையலுக்கு எந்தத் தண்ணீர் என்று அவ்வளவு கறாராக இருக்கிறவர்கள், செடிக்கு மட்டும் யோசிக்காமல் உப்புத் தண்ணீர் குழாயைத் திறக்கிறோம். வேப்பமரம் அதைத் தாங்கும், தென்னை தாங்கும். தலைமயிரைவிட மெல்லிய வேர் தாங்காது.

சரி, இவ்வளவையும் தெரிந்துகொண்டு, அசேலியாவை வளர்த்தே தீர்வது என்று பிடிவாதமாக இருப்பவருக்கு என்ன வழி?

முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள், மற்றவை பிறகு. மழைநீர் முதல் தரம். ஒரு சின்டெக்ஸ் டேங்க் அளவு மொட்டைமாடி மழைநீர் பிடித்து வைத்தால் இரண்டு மூன்று தொட்டிக்குப் பல மாதம் வரும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் சுண்ணாம்பும் இல்லை, உப்பும் இல்லை. பனியன் கம்பெனி ஆபீஸ்களில் தினமும் வாளிக்கணக்கில் சாக்கடைக்குப் போகும் சரக்கு அது. ஆர்.ஓ. குடிநீரும் ஆகும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், உப்பு அதில்தான் கூடுதலாக இருக்கும். மாநகராட்சியின் ஆற்று நீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மென்மையானது. மேட்டுப்பாளையத்தில் எடுக்கப்படும் பவானி நீர் நீலகிரிச் சரிவுகளின் மழையைச் சுமந்து வருவது. காட்டுப்பூவரசு குடிக்கும் மழையின் ஒரு பங்கு உங்கள் வீட்டுக் குழாயிலும் வருகிறது என்று சொன்னால் பொய்யில்லை.

போர் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் வீட்டில் அதை அமிலத்தால் நடுநிலையாக்கலாம். சிட்ரிக் அமிலம் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும். ஒரு வாளித் தண்ணீரில் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து, பி.எச். தாள் ஆறுக்குச் சற்றுக் கீழே காட்டும்போது நிறுத்துங்கள். முன்னே சொன்ன 300 மில்லிகிராம் காரத்தன்மைக்கு லிட்டருக்கு ஏறக்குறைய அரை கிராம் பிடிக்கும். கண்ணளவு வேண்டாம், தாளை நம்புங்கள். ஆனால் இந்த வைத்தியம் காரத்தைத்தான் நீக்கும், சோடியம் உப்பை நீக்காது. நாக்குக்கே கரிக்கும் தண்ணீராக இருந்தால் அமிலம் சேர்த்தும் பயனில்லை.

அடுத்தது மண். தோட்டத்து மண்ணை ஒரு கரண்டிகூடச் சேர்க்காதீர்கள். சுண்ணாம்பு மண்ணைக் கந்தகம் போட்டு மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கந்தகத்தை மண்ணிலுள்ள பாக்டீரியா கந்தக அமிலமாக்கும் என்பது உண்மை. ஆனால் 10 கிலோ மண்ணில் ஒரு சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே அது 100 கிராம். அதைக் கரைத்துத் தீர்க்க 32 கிராம் கந்தகம் வேண்டும். கரைத்து முடிக்க மாதங்கள் ஆகும், அதுவரை செடி காத்திருக்காது. சுக்கான்கல் பூமியை அசேலியா பூமியாக்கும் முயற்சியில் கந்தகக் கடைக்காரருக்கு மட்டுமே லாபம்.

நமக்கு நல்ல மாற்று பக்கத்திலேயே இருக்கிறது. பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் தென்னைநார் மில்களில் குவியும் துகள், கோகோபீட் என்ற பெயரில் உலகமெல்லாம் போகிறது. அதன் பி.எச். ஐந்தரை, ஆறு என்று இருக்கும், காற்றோட்டமும் உண்டு. ஒரு குறை, தென்னை மட்டை இயல்பிலேயே பொட்டாசியம், சோடியம் உப்புகளைச் சேர்த்து வைத்திருப்பது. ஆகவே கட்டியை உடைத்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, இதை மூன்று முறையாவது செய்யுங்கள். அதோடு மட்கிய இலையும், நீர் வடிய மரப்பட்டைத் துண்டுகளோ தேங்காய் மட்டைச் சில்லுகளோ சேர்த்தால் கலவை தயார். ஊட்டியிலிருந்து மூட்டையில் காட்டு மண் கொண்டுவரும் யோசனை வேண்டாம். மலையின் மேல்மண் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கின்றன, நம் தொட்டிக்காக அதைச் சுரண்டுவது அநியாயம்.

நடும்போது வேர்ப்பந்தின் மேல்மட்டம் கலவைக்குச் சற்று மேலே தெரியட்டும். ஆழமாகப் புதைத்தால் நுண்வேர் மூச்சுமுட்டி அழுகும். தொட்டியில் களைக்கொத்து படவே கூடாது, வேர் முழுக்க மேலேதான் இருக்கிறது. சவுக்கு ஊசிகளை இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். மண்தொட்டி நல்லது. கறுப்பு குரோபேக் மே மாத வெயிலில் வேரை அவித்துவிடும். காலை ஒன்பது மணி வரை இளவெயில் படும் கிழக்கு வராண்டா சரியான இடம். மேற்கு வெயில் ஆகாது. அதைவிட ஆகாதது ஆனி, ஆடி மாதக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அந்த வறண்ட காற்று, மேலோட்டமான வேர் ஏற்றும் தண்ணீரைவிட வேகமாக இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரு சுவர் மறைவு செய்யும் வேலையை எந்த உரமும் செய்யாது.

உரம் மிகமிகக் கொஞ்சம். இந்தக் குடும்பத்துக்கு நைட்ரஜன் அம்மோனியம் வடிவத்தில் பிடிக்கும், நைட்ரேட் வடிவத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. பூ உதிர்ந்தபின் லிட்டருக்கு அரை கிராம் அம்மோனியம் சல்பேட் கரைத்து மாதம் ஒருமுறை கொடுத்தால் போதும். முட்டை ஓடு, எலும்புத்தூள், அடுப்புச் சாம்பல் எல்லாம் சுண்ணாம்பின் உறவினர்கள், கிட்டே விடாதீர்கள். டீத்தூள் கழிவு போட்டால் அமிலமாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதில் பெரிய அமிலம் ஒன்றும் இல்லை, பாலும் சர்க்கரையும் கலந்ததென்றால் எறும்புதான் வரும்.

இலை மஞ்சளானதும் எல்லோரும் உரக்கடைக்கு ஓடுகிறார்கள். ஓடுமுன் எந்த இலை என்று பாருங்கள். இளந்தளிரில் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள் என்றால் இரும்புக் குறை, அதாவது காரம் ஏறியிருக்கிறது. முதிர்ந்த இலையின் ஓரமும் நுனியும் பழுப்பாகக் கருகினால் உப்பு. தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது மழைநீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மெல்ல ஊற்றி வடியவிடுங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் வேரழுகல். தண்ணீர் காணாது என்று நினைத்து மேலும் ஊற்றுகிறவர்கள் செடியை அன்றே முடித்துவிடுகிறார்கள்.

இரும்புக் குறைக்கு அன்னபேதி பழைய மருந்து. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் இந்த இரும்பு சல்பேட்டைத்தான் இயற்கைச் சாயக்காரர்கள் துணிக்குக் கறுப்பேற்றப் பயன்படுத்துகிறார்கள். லிட்டருக்கு மூன்று கிராம் அன்னபேதியோடு சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் இலைமேல் தெளித்தால் வாரத்தில் பச்சை திரும்பும். சட்டையிலும் டைல்ஸிலும் பட்டால் அந்தக் கறை போகாது என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் தற்காலிக உதவிதான். தண்ணீரை மாற்றாமல் அன்னபேதி தெளித்துக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை.

இத்தனையும் செய்தால் செடி பிழைக்கும். மறுபடியும் கொத்துக் கொத்தாகப் பூக்குமா என்றால், அநேகமாக இல்லை என்பதுதான் நேர்மையான பதில். அசேலியாவின் மொட்டு வெப்பமான மாதங்களில் உருவாகி, பிறகு தூங்கிவிடும். அது விழிக்கச் சில வாரங்கள் பத்து டிகிரிக்குக் கீழான குளிர் வேண்டும். கென்ட் பக்கத்துத் தோட்டக்காரர்கள் செடிகளைக் குளிர்பதன அறையில் ஆறு வாரம் போல வைத்து எடுப்பது இதற்காகத்தான். ஊட்டியில் உறைபனி கொட்டும் ஜனவரி அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. திருப்பூரின் மார்கழி இரவு நமக்கு நடுக்கமாக இருக்கலாம், அசேலியா மொட்டுக்கு அது குளிரே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பூக்கள் வரும், அவ்வளவுதான்.

பிறகு எதற்கு இந்தப் பாடம் என்று கேட்கலாம். உங்கள் வாசலில் இருக்கும் இட்லிப்பூச் செடியைப் பாருங்கள். தளிர் மஞ்சளாக இருக்கிறதா? அதற்கும் சற்று அமிலமான மண்தான் பிடிக்கும், அதுவும் உப்புத் தண்ணீரில் அதே இரும்புப் பட்டினிதான் கிடக்கிறது. மனோரஞ்சிதம் போல வாசம் வீசும் என்று ஆசைப்பட்டு வாங்கி வைத்த கார்டீனியாவின் மொட்டு உதிர்வதிலும் இந்தக் காரத்துக்குப் பங்கு உண்டு. அசேலியாவுக்காகச் சொன்ன எலுமிச்சை உப்பும் அன்னபேதியும் மழைநீரும் இவற்றிடம் நன்றாகவே வேலை செய்யும். இவற்றுக்குக் குளிர் தேவையில்லை என்பதால் பூக்கவும் பூக்கும்.

ஆடு, பசு வளர்க்கும் வீட்டாருக்கு ஓர் எச்சரிக்கை. அசேலியா, ரோடோடென்ட்ரான் இலைகளில் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்ற ஆட்டுக்கு வாந்தியும் இதயத் தளர்ச்சியும் வரும். கருங்கடல் கரையில் இந்தப் பூக்களின் தேனைத் தின்ற கிரேக்கப் படை தள்ளாடி விழுந்ததை கி.மு. 400 வாக்கில் அதை நேரில் கண்ட செனபான் எழுதி வைத்திருக்கிறார். வெட்டிய கிளைகளைக் காலி மனையில் எறியாதீர்கள்.

திருப்பூர் மொட்டைமாடிக்கு என் பரிந்துரை அடீனியமும் காகிதப்பூவும்தான். மழைநீர் பிடிக்கும் வசதியும் சுவர் மறைவும் உள்ளவர்கள் மட்டும் அசேலியாவைத் தொடட்டும். அதையும் ஒரு பருவத்துப் பூவாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. காட்டுப்பூவரசின் கிளையை ஒடித்துப் பதியம் போடும் ஆசை யாருக்கும் வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் தொட்டபெட்டாவுக்குப் போனால் அது நிற்கிற இடத்திலேயே பார்த்துவிட்டு வரலாம். எந்தச் செடி வாங்கினாலும் அதற்கு முன்பு உங்கள் போர் தண்ணீரை ஒரு பாட்டில் பிடித்து மண், நீர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள். அறிக்கையில் பி.எச். என்ற வரியோடு நின்றுவிடாமல் காரத்தன்மை, மொத்தக் கரைந்த உப்பு என்ற இரண்டு வரிகளையும் படியுங்கள்.